பிப்ரவரி 11, இரண்டாம் செட்

கண்காட்சி மலருக்கு இருநூறு வார்த்தை கேட்டார்கள்,
கண்காட்சி திறந்த பிறகு.
நான் டிரம்ஸ் வாசிப்பவன்.
இருநூறு அடி கேட்டிருந்தால் அங்கேயே கொடுத்திருப்பேன்.

லெமுவல் ஹேர்ஸ்டன்.
பிறந்தது டொலீடோ, ஒஹாயோ,
மௌமி ஆறு ஏரியில் சேறு கக்கும் இடத்திலிருந்து
நாலு தெரு தள்ளி.
பத்தொன்பது வயதில் கார் ஆலை, பெயின்ட் பிரிவு, இரவு ஷிப்ட்.
இருபத்தாறு வருடம் முகமூடிக்குள் மூச்சு விட்டான்,
மீந்த மூச்சை பாரிட்டோன் சாக்ஸபோனுக்குக் கொடுத்தான்.
இதெல்லாம் சுவரிலேயே எழுதியிருக்கிறது,
மூச்சைப் பற்றியதைத் தவிர.

விடுப்பு கிடைத்த வெள்ளிகளில் ஆடம்ஸ் தெருவில் வாசிப்போம்.
கூடினால் நாற்பது பேர்.
பனி கொட்டினால் நாங்கள் நால்வர், கடைக்காரி வில்மெட், அவள் நாய்.
நாய்க்கு மெதுவான பாட்டு ஆகாது.
முடிந்ததும் நாங்கள் முட்டை தின்னப் போவோம்,
அவன் நேரே வீட்டுக்கு.
யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று வெகுநாள் பேசிக்கொண்டோம்.
கராஜில் கித்தான் இருந்தது.

ஒரே ஒரு தடவை, வண்டி ஓட்டும்போது சொன்னான்:
'வரைந்தது பிடிக்காவிட்டால் சுரண்டலாம், மேலே பூசலாம்.
வாசித்தது கூரை வழியாகப் போய்விடுகிறது.
சரியாக வாசித்தது போகட்டும்.
தப்பாக வாசித்தது எங்கே போய்ப் படுத்துக்கொள்ளும்?'
நான் தூங்குவதுபோல் இருந்தேன்.

எழுபது வயதில் அவனுக்கு வெள்ளைச் சுவர் கிடைத்திருக்கிறது.
முப்பத்தொரு படங்கள், தலைப்பெல்லாம் தேதிகள்.
இந்த நீலம் துக்கம், என்று
விருந்தினர்களுக்கு விளக்குகிறாள் ஒரு பெண்மணி.
குறுக்கே பேசவில்லை நான்.
அந்த நீலம் எண்பத்தெட்டில் ரத்தான ஆர்டரின் மிச்சம்,
காப்பி ஃப்ளாஸ்க்கில் ஏறி
வாசல் காவலனைத் தாண்டி வந்தது.
துக்கமும் அப்படித்தான் வெளியே வருகிறதோ என்னவோ.

தேதிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
அக்டோபர் 3: ரீட் பிளந்த இரவு.
கீழிருந்து மேலே ஒரு மஞ்சள் கீறல்.
ஜூன் 20: அவனும் பியானோ தாடியஸும்
வேறு வேறு பாட்டைத் தொடங்கி, ஒரு நிமிடம்
ஒருவரும் விட்டுக்கொடுக்காதது.
இரண்டு பச்சைகள், இன்னமும் தோளை இடித்துக்கொண்டு.
ஆகஸ்ட் 9 அன்று எங்களுக்குக் கச்சேரியே இல்லை.
படம் முழுக்கச் சாம்பல்.
ஒரு குழந்தையின் கை எட்டும் உயரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு.
அங்கே நான் நிற்கவில்லை.

பிறகு இது.
பிப்ரவரி 11, இரண்டாம் செட். ஆறடிக்கு நாலடி.
சிவப்பு இடமிருந்து வலமாக ஒழுங்காக நடந்து வருகிறது.
முக்கால் தூரத்தில் கறுப்பு ஒன்று அழைக்காமல் நுழைகிறது.
உடனே, உடனேயே,
அதற்குத்தான் காத்திருந்ததுபோல
சிவப்பு வளைந்து இடம் விடுகிறது.

தொண்ணூற்று நாலு.
மூன்றாவது மேசையில் டெட்ராய்ட்டிலிருந்து வந்த ரெக்கார்டு கம்பெனி ஆள்.
நான் நாலு எண்ணிக்கை முந்தி விழுந்தேன்.
முப்பது வருடமாக நினைத்திருந்தேன்,
யாருக்கும் தெரியாதென்று.

படத்துக்குப் பக்கத்தில் விற்றுவிட்டதற்கான பொட்டு.
என் பிழைக்கு ஒன்பதாயிரம் டாலர்.
டெட்ராய்ட் ஆள் அன்று
காப்பிக்குக்கூடக் காசு வைக்கவில்லை.

வெளியே வந்தேன்.
வண்டிக் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தான்,
புது ரீட்டை வாயில் ஊறவைத்தபடி.
எட்டு மணிக்கு வாசிக்க வேண்டுமாம்.
கேட்டேன்.
ரீட்டை எடுத்தான், தெருவிளக்கில் பிடித்துப் பார்த்தான்.
'நீ முந்தி வந்தாய்.
நானும் அங்கேதான் வந்துகொண்டிருந்தேன்.'
திரும்ப வாயில் வைத்துக்கொண்டான்.

இருநூறைத் தாண்டிவிட்டது.
வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள்.
நாயை மட்டும் விட்டுவிடுங்கள்,
இருந்த இடத்தில்.