மேடில்லாத வழி

டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார்:
மேடு கூடாது.

அதனால் மூக்கனேரிக் கரை.
காலை ஆறரை. கியரை நடுவில் வைத்தால்
கடைசிவரை தொடவே வேண்டாம்.

எண்ணெய் காணாத சங்கிலியோடு
சகாயமேரி முன்னால் போகிறாள்,
கிறீச் கிறீச்.
ஒவ்வொரு கிறீச்சுக்கும்
கோரைக்குள்ளிருந்து ஒரு தாழைக்கோழி
தலையை நீட்டி, இழுத்துக்கொள்கிறது.

இருபது கொண்டை ஊசி வளைவுகளை
எண்ணி எண்ணி ஏறிய கால்கள் இவை.
பதினாலாவதில் வாந்தி எடுத்திருக்கிறேன்,
பெருமையாக.
இங்கே பெருமைப்பட ஒன்றுமில்லை.
ஆகாயத்தாமரை. யாரோ விட்டுப்போன
ஒற்றைச் செருப்பு.
திட்டு மரங்களில் கொக்குகளின் எச்சம்,
அவசரமாய்ச் சுண்ணாம்பு அடித்ததுபோல.

"மூச்சு வாங்குதா?"
திரும்பாமலே கேட்கிறாள்.
"வாங்கல."
அதுதான் குறை என்று சொல்லவில்லை.

ராத்திரி மழை பாதையில் தேங்கியிருக்கிறது.
அதற்குள் சேர்வராயன் மலை
தலைகீழாக,
முழங்கால் உயரம்கூட இல்லாமல்.
சகாயமேரி ஒதுங்கிப் போனாள்.
நான் ஒதுங்கவில்லை.

"என்ன சத்தம் அங்க?"
"இருபத்தொண்ணாவது வளைவு."

சக்கரத்துக்குப் பின்னால்
மலை மெல்லக் கூடிக்கொண்டிருந்தது.
என் கால்சட்டை முழுக்கச் சேறு.
துவைக்கும் முறை இன்று என்னுடையது.