பதினான்கு காயில்

காலை எட்டரை.
முதலில் மெஷினுக்கு
நிஜமான ஒரு கசிவைக் காட்ட வேண்டும்.
அதற்கென்றே இருக்கிறது, கட்டைவிரல் பருமனில் ஓர் எஃகுக் குப்பி:
இவ்வளவுதான் கசிவேன், இதற்கு மேல் மாட்டேன் என்று
சான்றிதழில் கையெழுத்தோடு வந்த ஓட்டை.
மோப்பக்குழாயை அதன் வாயருகே பிடிக்கிறேன்.
எண் ஏறி நிற்கிறது.
இன்றைக்கு நம்பலாம்.

முன்பு தண்ணீர்த் தொட்டிதான்.
டிசம்பர் மாதக் குன்னூர்த் தண்ணீரில்
முழங்கை வரை விட்டு, காயிலை அமுக்கிப் பிடித்து,
குமிழி வருமா என்று பார்த்திருப்போம்.
ஒரு குமிழி விட ஒரு மணிநேரம் எடுக்கும் துளைகள்
அரை நிமிடத்தில் தேறிப் போயிருக்கின்றன.
எந்த ஊரில் பால் திரிந்ததோ,
எந்தப் பெட்டியில் ஊசிமருந்து வீணானதோ.

இப்போது காயிலுக்குள் ஹீலியம்.
வெளியே ஒவ்வொரு வளைவாக மோந்துகொண்டு போகிறேன்.
வருடத்துக்கு மூன்று கிராம் போகிற வழி என்றாலும்
சொல்லிவிடும்.

மே மாதம், பழக்கண்காட்சியின் இரண்டாம் நாள்
முதல் காயில் தோற்றது.
இரண்டாவதும்.
பதினோரு மணிக்குள் பதினான்கு.
பதினான்கும் ஹாலன் பற்றவைத்தவை.

மேனேஜர் தேவசகாயம் சத்தம் போடவில்லை.
போட்டிருக்கலாம்.
"கண்ணாடி மாத்துங்க ஹாலண்ணா" என்றார்.
ஹாலன் கையுறையை
ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றி
பெஞ்சில் வைத்தார்.

குப்பியை மறுபடி காட்டினேன்.
எண் ஏறியது. குப்பியை எடுத்த பிறகும்
இறங்கவில்லை.
வெறுங்காற்றை மோந்தேன்: கசிவு.
என் உள்ளங்கை: கசிவு.
சுவர்க் காலண்டர்,
தேவசகாயத்தின் சட்டைப்பை:
கசிவு, கசிவு.

குழாயை நீட்டிக்கொண்டு
ஒயர் எட்டும் மட்டும் நடந்தேன்.
ஜன்னலருகே எண் துள்ளியது.

வெளியே, எங்கள் சுவரோரம்
சிலிண்டரைச் சாய்த்து வைத்து
சிம்ஸ் பார்க் வாசலுக்குப் பலூன் நிரப்பிக்கொண்டிருந்தார் ஜமாலுதீன்.
மீன், பட்டாம்பூச்சி, வெள்ளிநிற எட்டு.
ஒவ்வொன்றின் கழுத்தையும் கட்டும் முன்
ஒரு புஸ்.

"என்னம்மா, ஆபத்தா?"
"இல்லண்ணே. எங்க மெஷின் உங்களக் கண்டுபிடிச்சிருச்சு."
சிரித்தார். சிரிப்பே கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது.
காற்று பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கும் திருப்பம் வரை
இருவருமாகச் சிலிண்டரை உருட்டிப் போனோம்.
மீன் எங்கள் தலைக்கு மேலே வந்தது.

எல்லா ஜன்னலையும் திறந்து, விசிறி போட்டு, அரைமணி.
மேகம் ஒன்று உள்ளே வந்து
பிரஸ் மெஷினைச் சுற்றிவிட்டு வெளியேறியது.
எண் இறங்கியது.

பதின்மூன்று தேறின.
பதினான்காவதில், மேலிருந்து ஏழாவது வளைவில்,
வெள்ளிக்கம்பி உருகியும் முழுக்க ஓடாத ஓர் ஓரத்தில்,
எண் ஏறியது.
குழாயை எடுத்தேன், இறங்கியது.
வைத்தேன், ஏறியது.

தேவசகாயம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஹாலன் வந்தார்,
சாக்பீஸால் அந்த வளைவைச் சுற்றி
ஒரு வட்டம் போட்டார்.
"இது என்னுது" என்றார்.