ஒரு கோட்டின் விலை

கெயோன் துறையில் மூன்றாம் நாளாக மழை.
மட்டிப் பண்ணைச் சங்கத்தின் பின்னறையில்
ஒரு விறகடுப்பு, ஒரு நுண்நோக்கி, யஸ்னா ரைன்.
கயிற்றில் மட்டி கட்டிக் காய்த்த விரல்கள்
கண்ணாடிச் சில்லைப் பிடிக்கத் தொடங்கி
ஒன்பது நாள்.

முதல் நாள் அவள் கண்டது
தன் இமைமயிரைத்தான்.
வேலிக் கம்புபோலக் கறுப்பாய்க் கிடந்தது.
அதையும் ஓர் உயிரென்று நோட்டில் வரைந்துவைத்தாள்.

கண்வில்லைக்குள் ஓர் அளவுகோல், நூறு கோடுகள்.
எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கவில்லை.
தன் கையால் எண்சாண் என்பதுபோல
அதற்கு அதன் கணக்கு.

ஒரு மில்லிமீட்டரை நூறாய்க் கீறிய
வேறொரு கண்ணாடியை மேடையில் வைத்து
இம்மி பிசகாமல் கோட்டோடு கோடு சேர்த்தாள்.
பத்தாம் வில்லை அது.
ஒரு கோட்டுக்குப் பத்து மைக்ரான்.
சுவரில் பென்சிலால் எழுதினாள்.
அன்று ரொட்டியில் வெண்ணெய் இரண்டு மடங்கு.

இன்று குப்பியில் நான்காம் மிதவையின் நீர்,
அயோடின் கலந்து தேநீர் நிறத்தில்.
நாற்பதாம் வில்லையைத் திருப்பினாள்.
ஒன்றையொன்று பிடித்தபடி நான்கு உருண்டைகள்.
ஒன்றின் இடது ஓரம் முப்பத்தொன்றில்,
வலது ஓரம் நாற்பத்துமூன்றில்.
பன்னிரண்டு கோடு.
சுவரைப் பார்த்தாள்: நூற்றிருபது மைக்ரான்.

விஷப்பாசி இவ்வளவு பெரிதில்லை.
‘அது இல்லை’ என்று எழுதினாள்.
வெளியே எலியாசரின் படகு
இயந்திரத்தை அணைக்காமல் நிற்கிறது.

பேனாவை மூடும் முன், சும்மாதான்,
வில்லையைப் பத்துக்குத் திருப்பினாள்.
நான்கும் சுருங்கின.
மறுபடி நாற்பது. உப்பின.
கோடுகள் மட்டும் அசையவே இல்லை.

கோடுகள் நீரில் இல்லை.
அவள் கண்ணின் பக்கம் இருக்கின்றன.

கீறிய கண்ணாடியைத் தேடி எடுத்தாள்.
ஒருமுறை கைநழுவி மேசையில் விழுந்தது, உடையவில்லை.
நாற்பதில் கோட்டுக்கு இரண்டரை.
பன்னிரண்டு இரண்டரை
முப்பது.

அளவு மட்டும் பெயர் சொல்லிவிடாது,
ஓட்டின் தட்டுகளை நகரத்தில் யாரோ எண்ணவேண்டும்.
படகை நிறுத்த முப்பது போதும்.

மழையில் ஓடிப்போய்ச் சொன்னாள்.
எலியாசர் இயந்திரத்தை அணைத்தான்.
கெட்ட வார்த்தை ஒன்று, பிறகு,
“எவ்வளவு பெரிசு?”

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும்
நெருக்கிக் காட்டினாள்.
இன்னும் நெருக்கினாள்.
விரல்கள் ஒட்டிக்கொண்டன.
அப்போதும் அது அதிகமாகவே இருந்தது.