கலெக்டர் விட்ட லீவு

காலை ஆறரைக்கு டிவியின் அடியில் ஓடியது:
கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை.
நேற்றிரவு பிடித்த மழை
குலசேகரத்தில் இன்னும் மூச்சு வாங்கவில்லை.
செல்வின் பால்வெட்டுகிற கத்தியைத் துடைத்து
உறைக்குள் சொருகிவிட்டு மறுபடி படுத்தான்.
மரத்துக்கும் லீவு, சிரட்டைக்கும் லீவு.
லில்லிபுஷ்பம் வீட்டுப் பயல்கள் இரண்டும்
குடையில்லாமல் ஓடை பார்க்க ஓடுகிற சத்தம்.

நான் அடுக்களை மேசையைத் துடைத்து
நோட்டை விரித்தேன்.
நூற்று நாற்பத்து நாலை ஆறால் வகு.

ஜெனிஷாவுக்கு ஒன்பது வயது.
எந்த வருகைப் பதிவேட்டிலும் பேரில்லாமல்
ஒரு வருஷமும் நாலு மாசமும்.
ஆலயத்து வாசலில் கேட்பார்கள்,
"பிள்ள இப்ப எத்தனாம் கிளாஸ்?"
கணக்கில் நாலு, வாசிப்பில் ஏழு,
கையெழுத்தில் இன்னும் ஒன்று என்பேன்.
சிரிக்க மாட்டார்கள்.
"நீ பி.எட். படிச்சிருக்கியா?"
இல்லை. பி.காம்.
அதிலும் ஒரு அரியர் பாக்கி.

நிறுத்தியதற்குப் பெரிய காரணம் கிடையாது.
யாரும் அடிக்கவில்லை. ஃபீஸ் பாக்கியில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
மரச்சீனி தோலுரித்துக்கொண்டிருந்தேன்.
அடுக்களை வாசலில் வந்து நின்று
வலது கையைத் தூக்கினாள்.
என்ன மக்ளே என்று கேட்கும்வரை
தூக்கியபடியே நின்றாள்.
தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டாள்.
பானை அவள் இடுப்புயரத்தில் இருந்தது.

அந்தக் கையை இறக்கத்தான் இவ்வளவும்.

இறங்கவும் செய்தது.
இப்போது கேட்காமலே குடிக்கிறாள்,
கேட்காமலே கொல்லாமரத்தில் ஏறுகிறாள்.
ஆசிட் விட்ட ரப்பர்ப்பால் எத்தனை நிமிஷத்தில் உறைகிறதென்று
ஷெட்டுச் சுவரில் கரியால் எழுதிவைக்கிறாள்.
மழைநாளில் கூடுதல் நேரமாம்,
அப்பாவிடம் வாதாடுகிறாள்.

இன்று வகுத்தலில் மூன்று தடவை தப்பினாள்.
மூன்றாம் தடவை மேசையைத் தட்டினேன்.
ஸ்கேலால்.
ஓட்டில் விழுகிற மழையைவிட
அது சத்தமாகக் கேட்டது.

ஒன்றும் சொல்லவில்லை அவள்.
நோட்டின் நடுத்தாளை உருவி
ஏதோ எழுதி
இரண்டு கையாலும் நீட்டினாள்.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,
டீச்சருக்குக் கோபமாக இருப்பதாலும்
கலெக்டர் சொல்லிவிட்டதாலும்
எனக்கு இன்று ஒருநாள் விடுபு அளிக்குமாறு
தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி.

கீழ்ப்படிதலுள்ள.
எவ்வளவு நீளமான சொல்.
ஒரு புள்ளி பிசகவில்லை.
நான் சொல்லிக்கொடுக்காதது.
அங்கிருந்து பையில் வந்ததா,
இங்கே இந்த மேசையில் முளைத்ததா.

விடுபுக்கு ஒரு 'ப்' குறைகிறது.
சிவப்புப் பேனா விரலிடுக்கில்
தானாக நிமிர்ந்தது.

கடைசியில் கோடு கிழித்து இடம் விட்டிருந்தாள்:
பெற்றோர் கையொப்பம்.

சிவப்பை மூடினேன். நீலம் அகப்படவில்லை.
அவளே பென்சிலைத் தந்தாள்.
போட்டேன்.
வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்,
"டீச்சரும் போடணும்."
டீச்சர் இன்னைக்கு லீவு என்றேன்.

நாற்காலி பின்னால் சாய அப்படியொரு ஓட்டம்.
"ஓடப் பக்கம் போவாதே" என்றான் செல்வின்
போர்வைக்குள்ளிருந்து.
வாசற்படியில் நின்று திரும்பினாள்.
வலது கை கொஞ்சம் உயர்ந்தது.
குடையை எடுக்கத்தான் என்று நினைத்தேன்.

குடை ஆணியில் தொங்குகிறது.