நோ

மிச்சம் என்ற பெயருள்ள ஊரில் ஆறு வருடமாக இருக்கிறேன்.
சிரிக்காதீர்கள், லண்டனுக்குத் தெற்கே உண்மையிலேயே இருக்கிறது.
அங்கே சுற்றுவட்டத்தில்
ஒரு வெள்ளை வான் என் காரின் விலாவில் ஏறியபோது
பின் சீட்டில் ஒரு மூட்டை அரிசி,
ஒரு கட்டுக் கறிவேப்பிலை.
வேறு சனம் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன நேர்ஸ்
குனிந்து கேட்டாள்: பெயின்?
நோ, என்றேன்.
வலது கையைத் தூக்கிக் காட்டி, நோ, நோ.
நல்லது என்று எழுதிக்கொண்டு போனாள்.
படித்த இங்கிலீசெல்லாம் கண்ணாடியோடு நொறுங்கி
ரோட்டிலேயே கிடந்திருக்க வேண்டும்.

மூன்று கிழமை கழித்துத்தான் படத்தில் தெரிந்தது:
பெருவிரலின் அடியில் கஜு அளவில் ஓர் எலும்பு,
படகெலும்பாம்,
நடுவில் பிளந்திருந்தது.

அதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது.
கண்டல் நீலம் மாறுமுன்பே
யாரோ ஒரு ஜேசனுக்கு என் கார் நம்பர் தெரிந்திருந்தது.
மச்சாளின் மனுசன் தனக்கு ஓராளைத் தெரியும் என்றார்,
டூட்டிங்கில், இனிப்புக் கடைக்கு மேல்மாடி.
"காரில எத்தனை பேர்?"
நான் மட்டும்.
"யோசிச்சுச் சொல்லுங்கோ அக்கா.
பின்னால ரெண்டு பேர் இருந்திருந்தா
அவைக்கும் கழுத்துப் பிடிச்சிருக்கும்."
அரிசி மூட்டைக்குக் கழுத்தில்லைத் தம்பி என்று
படி இறங்கினேன்.

இரண்டாமவர் குரொய்டனில். கோட்டு, நல்ல தேத்தண்ணி.
கழுத்தென்றால் அரசாங்கமே விலை போட்டு வைத்திருக்கிறது,
மாதக் கணக்கில், வாடகை மாதிரி.
கை வேறு, கைக்கு வாதாடலாம் என்றார்.
பிறகு ஆஸ்பத்திரித் தாளை என் பக்கம் திருப்பினார்.
வலி இல்லை என்று நோயாளி சொல்கிறார்.
கீழே நேரம், கையெழுத்து.
வான்காரனின் இன்சூரன்ஸுக்கு இது கற்கண்டு,
மன்னிக்க வேண்டும் என்றார்.

திரும்பி வரும் வழியில் முன்னால் போன பஸ்ஸின் முதுகில்
நோ வின் நோ ஃபீ.
நோவுக்கு வெற்றி, நோவுக்குக் கூலி என்று
எனக்காகவே எழுதி ஒட்டின மாதிரி.
தனியாகச் சிரித்தேன்.
பக்கத்துச் சீட்டுக்காரி எழும்பிப் போய்விட்டாள்.

நான் தூக்கிக் குளிப்பாட்டும் விட்லொக் கிழவரை
இப்போது வேறொருத்தி தூக்குகிறாள்.
அவளைத் திட்டுகிறாராம்.
கேட்க, சொல்லக்கூடாது, கொஞ்சம் சந்தோசம்.

மூன்றாமவளின் பெயரை
வேலையிடத்துக் கென்யாக்காரி ரசீதின் பின்புறம் எழுதித் தந்தாள்:
அட்டியேனோ. சலவைக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை,
சுவருக்கு அப்பால் உடுப்புகள் உருண்டுகொண்டே இருந்தன.
மொழிபெயர்ப்பாளர் போனில், கோயம்புத்தூர்க் குரல்.
"நேர்ஸ்கிட்ட என்ன சொன்னீங்கன்னு கேக்கறாங்க."
நோ என்றனான்.
அவர் அதை இங்கிலீசில் சொன்னார். நோ.
"இல்லைத் தம்பி. நோ. நோகுது. நோவு."
போனுக்குள் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, "ஐயோ. மேடம், ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று
அந்தப் பிள்ளை படபடவென்று விளக்கத் தொடங்கியது.

அட்டியேனோ பேனையை வைத்தாள்.
மஞ்சள் தாளைத் தள்ளி, உன் எழுத்தில் எழுது என்றாள்.
வலது கை மாவுக்கட்டில். இடது கையால்
ஒரு இரட்டைக் கொம்பு, ஒரு ந, ஒரு அரவு.
ஓரெழுத்து ஒருமொழி, பரீட்சைக்குப் பாடமாக்கியது.
கொம்பு சாய்ந்தது. அரவு கோட்டைத் தாண்டி ஓடியது.
வேறு தாள் கேட்டேன். தரவில்லை.
இந்தக் கோணலும் வேண்டும் என்று கோப்பில் வைத்தாள்.

வெல்லுமா?
தெரியாது என்றாள். ஒன்றரை வருடம் ஆகலாம்.
தெரியாது என்று சொன்ன முதல் வக்கீல்.

கதவடியில் கோட்டுக்குள் கையை நுழைக்க உதவினபடி
இப்போது வலிக்கிறதா என்று கேட்டாள்.
வாய்க்குள் வந்ததை விழுங்கிவிட்டு
யெஸ், என்றேன்.