நான்காம் அறை

குழாயருகே சீட்டு ஒட்டியிருக்கிறேன்:
பல் துலக்கவும் பாட்டில் தண்ணீர்தான்.
நான்காம் அறை டச்சுக்காரர்
சந்தையில் குடித்த சாற்றின் ஐஸைக்
கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்று நாள்.
உப்பும் சர்க்கரையும் கலந்து
கதவிடுக்கில் நீட்டினேன்.

எழுந்து உட்கார்ந்ததும் கேட்டார்:
"உங்களுக்கெல்லாம் பழகியிருக்கும், இல்லையா?"

வஹாக்காவிலேயே பிறந்த என் மகள்
ஷவரடியில் உதட்டை இறுக்கிக்கொள்வாள்.
பேச்சு வருமுன் வந்த பழக்கம்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
வாரம் இரண்டு கேன்.
செவ்வாய்தோறும் எலாதியோவின் வண்டி கூவினால்
சில்லறையோடு மாடியிலிருந்து ஓடிவருவேன்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
கெட்டிலை மறுபடி கொதிக்கவைத்தேன்.

அவர் ஊரில்
குழாயைத் திறந்து அப்படியே குடிப்பார்களாம்.
நடுராத்திரி,
தூக்கக் கலக்கத்தில்,
விளக்கைக்கூடப் போடாமல்.