பழுதுச் செலவு: நூற்று நாற்பது

நான் வீடு வாங்குகிறவன் இல்லை.
வாங்குகிறவருக்கு முன்னால் ஏணியோடு போகிறவன்.
கூரை, கொதிகலன், மின்பெட்டி, அடித்தளச் சுவரின் ஈரம்
எல்லாவற்றுக்கும் என் அறிக்கையில் கட்டம் உண்டு.
விலைக்குக் கட்டம் இல்லை.
யாராவது கேட்டால் தோளைக் குலுக்கலாம்.
அவ்வளவுதான் எனக்கு அனுமதி.

ஈரி நகரம், மார்ச் மாதம்.
ஏரிப் பனி நடைபாதை ஓரத்தில்
கரைந்துபோன சோப்புக்கட்டி மாதிரி கிடந்தது.
வெர்னா கஷுபா காரிலிருந்து இறங்கும்போதே
உதடு அசைய எதையோ பெருக்கிக்கொண்டுதான் இறங்கினாள்.
டயாலிசிஸ் மையத்தில் இரவு வேலை.
பத்தொன்பது வருடச் சேமிப்பு.
அவள் குடியிருப்பதும் வாடகை வீட்டில்தான்.
'என் வீட்டுக்காரனைவிட நான் மோசமாக இருக்கமாட்டேன்' என்றாள்,
நான் கேட்காமலே.

விற்பவர் தந்த தாள் ஒரே பக்கம்.
கீழ்த்தளம், எழுநூற்றுத் தொண்ணூறு.
மேல்தளம், ஐந்நூற்று இருபத்தைந்து.
அதன் பக்கத்தில் சாய்ந்த எழுத்தில்:
கிடைக்கக்கூடிய வாடகை எண்ணூற்று ஐம்பது.
கேட்கிற விலை எண்பத்து நாலாயிரம் டாலர்,
அந்தச் சாய்ந்த எழுத்துக்கு.
கடைசி வரியில்
பழுதுச் செலவு, வருடத்துக்கு: நூற்று நாற்பது.

நூற்று நாற்பதா?
1921-ல் கட்டிய வீடு.
என் ஒற்றை முழங்காலுக்கே
அதைவிட அதிகம் ஆகிறது.

மேல்தளக் கதவைத் திறந்தவர் டெல்மர் ஹட்சின்ஸ்.
பிளாஸ்டிக் அச்சுத் தொழிற்சாலைச் சட்டை,
கையில் திமிறுகிற பூனை.
முகத்தைப் பார்க்கவில்லை, எங்கள் காலணிகளைப் பார்த்தார்.
பதினோரு வருடத்தில்
ஏணியோடு வந்த நான்காவது ஆள் நான் என்றார்.
குழாயைத் திறந்தேன். சொட்டவில்லை.
ஜன்னலைத் தூக்கினேன். நின்றது.
புதுக் கயிறு, கப்பல்காரன் போட்டது போன்ற முடிச்சு.

அடித்தளத்தில்
வெந்நீர்க் கலனின் வயிற்றில் கறுப்பு மையில்:
2014 நவம்பர், வால்வு மாற்றியது, டெ.ஹ.
2017, அடிவண்டல் கழுவியது, டெ.ஹ.
மின்பெட்டிக் கதவின் உள்பக்கம், டெ.ஹ.
தளர்ந்த உத்திரத்துக்கு முட்டுக்கொடுத்த இரும்புத் தூணில்,
தூசியைத் துடைத்தால், டெ.ஹ.
நான் விளக்கடித்த இடமெல்லாம்
அந்த இரண்டெழுத்து எனக்கு முன்னால் போயிருந்தது.

வெர்னா படிக்கட்டில் உட்கார்ந்து
தாளைத் திருப்பிப் போட்டாள்.
எண்ணூற்று ஐம்பது ஆக்கினால் இவர் போவார்.
இரண்டு மாதம் காலி. பெயின்ட்.
பிளம்பர் மணிக்கு நூற்றுப் பத்து.
புது ஆள், அவருடைய புதுப் பழுதுகள்.
பென்சில் நின்றது.
'இந்த மனிதர் எந்த வரியில் வருகிறார்?'

தோளைக் குலுக்கினேன்.
பிறகு, அனுமதி இல்லாமல்:
'நூற்று நாற்பதில்.'

அவள் சிரிக்கவில்லை.
சாய்ந்த எழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள்,
ஊசி போட இடம் தேடிப் பழகிய கை, நடுங்காத கோடு.
இரக்கம் என்று நினைக்கவேண்டாம்;
இருபத்தைந்து டாலர் ஏற்றலாம், அடுத்த வருடம்,
அதற்கு மேல் எனக்குத்தான் நஷ்டம் என்று
சத்தமாகவே சொல்லிக்கொண்டாள்.
மேலே பூனை எதையோ தள்ளிவிட்டது.

காரில் இருந்தபடியே தரகரை அழைத்தாள்.
அறுபத்தேழாயிரம்.
எதிர்முனை சிரித்தது எனக்கும் கேட்டது.
'இருக்கிற வாடகைக்கு இருக்கிற விலை' என்றாள்.
'வராத வாடகையை வருகிறவனிடம் விற்றுக்கொள்ளுங்கள்.'
வைத்துவிட்டுக்
கொஞ்ச நேரம் வைப்பரை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தாள்.
மழையும் இல்லை, பனியும் இல்லை.

வாங்கினாளா, தெரியாது.
என் கட்டணம் காசோலையாக வந்தது, அதோடு சரி.

அன்றிரவு அறிக்கையை நிரப்பினேன்.
எஞ்சிய ஆயுள் என்று ஒரு பத்தி.
கூரை, ஏழு வருடம்.
கொதிகலன், ஐந்து.
வெந்நீர்க் கலன்,
'மேல்தளக்காரர் இருக்கும்வரை' என்று எழுதி,
அடித்துவிட்டு,
மூன்று என்று போட்டேன்.